பொருள் எப்படிக் கை மாறியது? திருட்டுக்கும் ஏய்ப்புக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வெளிநாட்டு பையருக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருந்தாள். எங்கள் பேக்கிங் லிஸ்ட்டில் இருந்த கணக்குக்கும் அவர்கள் குடோனில் எண்ணிய கணக்குக்கும் 36 பீஸ் இடித்தது. சரியாகத்தான் அனுப்பினோம் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை, பேக்கிங் செக்‌ஷனில் கூடவே நின்று எண்ணியவள் அவள். அந்தக் கோபத்தில் "யுவர் வேர்ஹவுஸ் பீப்பிள் ராப்ட் 36 பீசஸ்" என்று எழுதிவிட்டாள். நல்ல வேளையாக, அனுப்பும் முன் என் கண்ணில் பட்டது.

"இதை இப்படி எழுதக் கூடாதும்மா" என்றேன்.

"ஏனுங்ணா? திருட்டுன்னா திருட்டுத்தானுங்களே. இதுல ராப் என்னங்க, ஸ்டீல் என்னங்க?"

நியாயமான கேள்வி. டீ குடிக்கும் நேரத்தில் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிலீஷ் இப்போதுதான் பழகுகிறவர்களுக்காக எழுதுவது இது, இலக்கணப் புத்தகம் எதுவும் வேண்டாம்.

முதலில் நம் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தைக் கூட்டத்தில் பர்ஸை உருவினவனை நம் பக்கத்தில் யாரும் "ஏய்ச்சுப்போட்டான்" என்று சொல்ல மாட்டார்கள், "அடிச்சுட்டுப் போயிட்டான்" என்பார்கள். இரட்டிப்பாகத் தருகிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு ஓடினவனைத்தான் "ஏய்ச்சுப்போட்டான்" என்போம். சங்கத்துப் பணத்தில் செயலாளர் கை வைத்தால் அது கையாடல். காட்டுப் பாதையில் மறித்துப் பிடுங்கினால் வழிப்பறி. நான்கிலும் பணம் போனது போனதுதான், ஆனால் போன வழி வேறு வேறு. இங்கிலீஷும் அப்படித்தான். பொருள் எப்படிக் கை மாறியது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி வார்த்தைகள் தானாகவே இடத்தில் உட்கார்ந்துவிடும்.

உங்களுக்குத் தெரியாமல் எடுத்தால் ஸ்டீல். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் ராப். நம்பி ஒப்படைத்ததை ஒப்படைக்கப்பட்டவரே விழுங்கினால் எம்பெசில். பொய்யை நம்பி நீங்களே சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தால் அது சீட், டீஃபிராட், ஸ்விண்டில், கான், ஸ்கேம் என்று பெரிய குடும்பம்.

ஸ்டீலுக்கும் ராபுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். ஸ்டீல் என்ற வினைக்குப் பின்னால் பொருள் வர வேண்டும். ராபுக்குப் பின்னால், பறிகொடுத்த ஆளோ இடமோ வர வேண்டும். "ஹி ஸ்டோல் மை செயின்" சரி. "ஹி ராப்ட் மை செயின்" என்றால் கேட்கிறவருக்கு, செயினைக் கட்டிப்போட்டு அதனிடமிருந்து எதையோ பிடுங்கியது போல இருக்கும். "ஹி ராப்ட் மீ" என்று சொல்லலாம், "ஹி ராப்ட் மீ ஆஃப் மை செயின்" என்றும் சொல்லலாம். பேங்க் என்றால் ராப் எ பேங்க், ஆனால் ஸ்டீல் மணி ஃப்ரம் எ பேங்க்.

இது மனதில் நிற்க எனக்கு உதவுவது நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அள்ளிக் கொடுத்த பொன்னையும் பொருளையும் ஆட்கள் தலையில் ஏற்றிக்கொண்டு சுந்தரர் அந்த வழியாக வருகிறார். சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் உருவத்தில் வந்து மறித்து அத்தனையையும் பறித்துக்கொள்கின்றன. சுந்தரர் கோயிலுக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார், பொருள் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. இன்றைக்கும் அங்கே வேடுபறி விழா நடக்கிறது. இதை இங்கிலீஷில் சொன்னால் சுந்தரர் வாஸ் ராப்ட், பொன் வாஸ் ஸ்டோலன். ஆளுக்கு ராப்ட், பொருளுக்கு ஸ்டோலன். நடந்தது ராபரி, அதுவும் பாதையில் மறித்து நடந்ததால் ஹைவே ராபரி. "வேடுபறி" என்ற வார்த்தையிலேயே "பறி" இருக்கிறது பாருங்கள், நம் முன்னோர்கள் களவு என்று சொல்லாமல் பறி என்று சொன்னதில் காரணம் இருக்கிறது.

ஸ்டீல் என்ற வார்த்தைக்குள் ஒளிவுமறைவு ஊறிக் கிடக்கிறது. ரேடாருக்குச் சிக்காத விமானத்தை ஸ்டெல்த் விமானம் என்கிறார்களே, அந்த ஸ்டெல்த் இதன் உறவுதான். சத்தமில்லாமல் அறைக்குள் நழுவி வந்தால் "ஷி ஸ்டோல் இன்டு தி ரூம்" என்று எழுதுவார்கள், அங்கே எதுவும் காணாமல் போவதில்லை. யாரும் கவனிக்காதபோது ஓரக்கண்ணால் பார்ப்பது ஸ்டீல் எ க்ளான்ஸ். நமக்கு இது புதிதே இல்லை. ஊருக்குத் தெரியாமல் இருவர் காதலிப்பதைப் பழைய தமிழ் இலக்கணம் களவு என்றுதானே சொல்கிறது! எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. எங்கேயோ இருக்கிற இரண்டு மொழிகளுக்கு ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

அடுத்து பர்க்லரி. நம் செய்தித்தாள்களில் "பூட்டை உடைத்து 40 பவுன் கொள்ளை" என்று தலைப்பு வரும். வீட்டுக்காரர்கள் பழனிக்குப் போயிருப்பார்கள், வீட்டில் ஆளே இருந்திருக்காது. கொள்ளை என்றால் ராபரி என்று மனப்பாடம் செய்தவர்கள் அதை அப்படியே ராபரி என்று எழுதிவிடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் யாரை மிரட்டுவது? அது பர்க்லரி, அதாவது அத்துமீறி உள்ளே நுழைந்து திருடுவது. சுவரில் ஓட்டை போட்டு நுழைவதற்கு நம் தாத்தாக்கள் காலத்தில் கன்னம் வைப்பது என்று பெயர், அதற்கென்றே கன்னக்கோல் என்று ஓர் ஆயுதம் இருந்தது. பர்க்லரிக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் ராத்திரியில், குடியிருக்கும் வீட்டை உடைத்து நுழைந்தால்தான் பர்க்லரி. 1968இல் வந்த திருட்டுச் சட்டத்துக்குப் பிறகு ராத்திரி பகல் கணக்கு போய்விட்டது.

பறிக்கிற வார்த்தைகளில் இன்னும் சில. கழுத்துச் செயினை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பைக்கில் பறப்பது ஸ்னாட்சிங். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கென்றே 304ஆம் பிரிவு தனியாக வந்திருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இப்படித் தனிப் பிரிவு கிடையாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பறித்தால் நம் சட்டத்தில் அது டெகாய்டி. நான்கு பேர் செய்தால் ராபரி, ஐந்தாவது ஆள் சேர்ந்தால் டெகாய்டி. இது இந்தியாவிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தை, வெளிநாட்டு ஆட்களிடம் சொன்னால் பலருக்குப் புரியாது. லூட், தக் இரண்டும் இந்தியிலிருந்து போனவைதான், ஆனால் அவை உலகம் முழுக்கப் பரவிவிட்டன. கலவரத்தில் கடைகளைச் சூறையாடுவது லூட். தக் என்ற வார்த்தைக்கு இந்தியில் ஏமாற்றுக்காரன் என்று பொருள். வழிப்போக்கர்களோடு சிநேகமாகச் சேர்ந்து நடந்து, சமயம் பார்த்துக் கழுத்தை நெரித்துக் கொன்று பொருளை எடுத்துக்கொள்ளும் கூட்டத்தாருக்கு அந்தப் பெயர் இருந்தது. இன்றைய இங்கிலீஷில் அந்தச் சிநேகமும் ஏமாற்றும் உதிர்ந்து வெறும் முரட்டு அடியாள் மட்டும் மிஞ்சியிருக்கிறான்.

"பணம் கொடுக்காவிட்டால் நடப்பதே வேறு" என்று மிரட்டி வாங்குவது எக்ஸ்டார்ஷன். உன் ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால் பிளாக்மெயில். இந்த மெயிலுக்கும் தபாலுக்கும் சம்பந்தம் இல்லை, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் மிரட்டி வசூலித்த கப்பத்துக்குப் பெயர் அது.

இப்போது நம்பிக்கைத் துரோகம். எம்பெசில் என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும், பணத்தை அந்த ஆளிடம் ஒப்படைத்திருந்தார்களா? கேஷியர், செயலாளர், கணக்குப்பிள்ளை, மேனேஜர் என்று பொறுப்பில் இருப்பவர் செய்தால்தான் எம்பெசில்மெண்ட். ஜன்னல் வழியாக வந்த திருடன் எவ்வளவு பெரிய தொகையை எடுத்தாலும் அவன் எம்பெசில் செய்ய முடியாது. கையாடல் என்பது இதற்கு அச்சாகப் பொருந்தும். கிட்டத்தட்ட இதே பொருளில் ஸைஃபன் ஆஃப் என்று ஒரு வினை உண்டு. இதை விளக்க நான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளிடம் பி.ஏ.பி. வாய்க்காலைத்தான், அதாவது பரம்பிக்குளம்–ஆழியாறு பாசன வாய்க்காலைத்தான் காட்டுவேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில், ஓஸின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, உள்ளே தண்ணீரை நிரப்பி, மறுமுனையைக் கரைக்கு அந்தப் பக்கம் தாழ்வாக இறக்கிவிட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் கரையேறி வந்து தோட்டத்துக்குள் பாயும். மேலே இருந்து பார்த்தால் வாய்க்கால் எப்போதும் போல ஓடிக்கொண்டிருக்கும், கடைமடைக்காரருக்கு மட்டும் தண்ணீர் எட்டாது. அதுதான் ஸைஃபன். ஒரு திட்டத்துக்கோ கம்பெனிக்கோ வந்த பணத்தை யாருக்கும் தெரியாமல் சிறுகச் சிறுக வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் "ஃபண்ட்ஸ் வேர் ஸைஃபண்ட் ஆஃப்" என்பார்கள். கடைமடையில் காத்திருந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் வலியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏமாற்று வகைக்கு வருவோம், இங்கேதான் அதிக நேரம் வேண்டும். சீட் என்ற வார்த்தையை நாம் எல்லாவற்றுக்கும் போடுகிறோம். "ஹி டிட் சீட்டிங்", "சீட்டிங் கேஸ்", "சீட்டிங் பார்ட்டி". இந்தியாவில் இதற்குக் காரணம் சட்டம்தான். 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருளை வாங்கும் குற்றத்துக்கு சீட்டிங் என்றுதான் பெயர், பிரிவு எண் 420. சட்டம் படிக்காதவர்கூட மோசக்காரனை "ஃபோர் ட்வென்டி" என்று சொல்வது அதனால்தான். புதிய சட்டத்தில் அது 318ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவாகிவிட்டது, ஆனாலும் வாயில் 420 போகவில்லை. சரி, நம் ஸ்டேஷனில் "சீட்டிங் கேஸ்" என்றால் எல்லோருக்கும் புரியும். இங்கிலாந்துக்காரரிடமோ அமெரிக்கரிடமோ "ஹி இஸ் சீட்டிங்" என்று மட்டும் சொன்னால் அவர் மனதுக்கு முதலில் வருவது பரீட்சை, விளையாட்டு, இல்லாவிட்டால் கட்டின மனைவிக்குத் துரோகம். பணம் சம்பந்தப்பட்டது என்றால் "ஹி சீட்டட் மீ அவுட் ஆஃப் மை மணி" என்று முழுதாகச் சொல்லுங்கள், அல்லது ஃபிராட், ஸ்கேம் என்ற பெயர்ச்சொற்களை எடுங்கள். பரீட்சையில் நாம் காப்பி அடிப்பது, பிட் அடிப்பது என்பதற்கெல்லாம் அவர்கள் சொல்வது சீட்டிங். காப்பி என்ற வார்த்தையில் மட்டும் அவர்களுக்குக் குற்றம் தெரியாது.

இந்தப் பாடத்தை என் பெரியப்பா வீட்டில் நடந்ததை வைத்துச் சொன்னால்தான் எனக்கே திருப்தி. ஈமு கோழி வந்த காலம் அது. குஞ்சும் கொடுப்போம், தீவனமும் கொடுப்போம், மாசா மாசம் பராமரிப்புப் பணமும் கொடுப்போம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்வோம் என்றார்கள். பெரியப்பா தென்னந்தோப்பில் கம்பிவேலி அடித்து, பெரியம்மா நகையை வைத்துப் பணம் கட்டினார். முதல் சில மாதம் சொன்ன தேதியில் பணம் வந்தது. அந்தப் பணத்தைக் காட்டித்தான் மாமனையும் கட்டச் சொன்னார், அதுதான் இன்றைக்கும் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது. 2012இல் பெருந்துறைப் பக்கத்தில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. தீவனம் இல்லாமல் வேலிக்குள் நின்ற அந்தப் பறவைகளை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட முதலீட்டாளர் வழக்குகளுக்கு 1997இல் கொண்டுவந்த தனிச் சட்டம் இருக்கிறது, கோவையில் அதற்கான சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது, ஈமு வழக்குகள் அங்கேதான் போயின.

இதற்கு என்ன வார்த்தை? பெரியப்பாவிடம் யாரும் பிடுங்கவில்லை, ஆகவே ராப் கிடையாது. அவருக்குத் தெரியாமல் எடுக்கவில்லை, ஆகவே ஸ்டீலும் கிடையாது. அவர் கையாலேயே எண்ணிக் கொடுத்தார். திட்டமிட்ட பொய்யால் பணத்தைக் கறந்தார்கள், அது ஸ்விண்டில். சட்டக் கனத்தோடு சொல்ல வேண்டுமென்றால் டீஃபிராட், செய்தித்தாள் பாணியில் ஸ்கேம். புதிதாகச் சேருகிறவரின் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு லாபம் என்று கொடுத்து ஓட்டும் முறைக்கு போன்ஸி என்று பெயர். சார்லஸ் போன்ஸி என்பவர் 1920இல் பாஸ்டன் நகரில் 45 நாளில் 50 சதவீதம் லாபம் தருவதாகச் சொல்லி வசூலித்துச் சரிந்தார், அவர் பெயரே இந்த முறைக்கு நிலைத்துவிட்டது.

கான் என்பதற்குள் இருப்பது கான்ஃபிடன்ஸ், நம்பிக்கை. 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்ற ஆள், நன்றாக உடுத்திக்கொண்டு முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுத்து, "நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் நம்பிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். பத்திரிகைகள் அவரைக் கான்ஃபிடன்ஸ் மேன் என்றன, அது தேய்ந்து கான் மேன் ஆனது. முதலில் உங்கள் நம்பிக்கையை வாங்குகிறார், பொருள் தானாகப் பின்னால் போகிறது. பெரியப்பாவுக்கு முதல் மாதங்களில் ஒழுங்காக வந்த பணம் அந்த வேலையைத்தான் செய்தது.

திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய வார்த்தைகள் இரண்டு. நாம் ஸ்வெட்ஷர்ட்டுக்கு ஓட்டும் ஃப்ளீஸ் துணி இருக்கிறதே, அந்த ஃப்ளீஸ் முதலில் செம்மறி ஆட்டின் உடம்பிலிருந்து கத்தரித்தெடுக்கும் கம்பளி. அதையே வினையாக்கினால், ஆட்டு ரோமத்தை ஒட்டக் கத்தரிப்பது போல ஒருவரிடம் அநியாய விலை சொல்லி மொட்டையடிப்பது. வழி தெரியாத டூரிஸ்ட்டிடம் நாலு மடங்கு வாடகை வாங்கினால் "தே ஃப்ளீஸ்ட் ஹிம்". அந்த ஸ்வெட்ஷர்ட்டுக்குத் தலையில் வைத்துத் தைக்கிறோமே ஹூட், அதிலிருந்து வந்தது ஹூட்விங்க். முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிவிடுவதுதான் அதன் பழைய பொருள். இப்போது கண்ணைக் கட்டி ஏமாற்றுவது என்ற பொருள் மட்டும் இருக்கிறது. காசு போகாத ஏமாற்றுக்கும் ஹூட்விங்க் பொருந்தும், ஃப்ளீஸுக்குக் காசு போயாக வேண்டும்.

டிசீவ் என்பது பொய்யை நம்ப வைப்பது, அதில் காசு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மிஸ்லீட் இன்னும் மென்மை, வேண்டுமென்று செய்யாமலும் நடக்கலாம். மெயில் எழுதுகிறவர்கள் இந்த மென்மையான வார்த்தைகளைக் கையோடு வைத்திருங்கள். நூல் வியாபாரி பில்லில் கூடுதலாகப் போட்டிருந்தால் ஓவர்சார்ஜ்ட் போதும், சீட்டட் வேண்டாம். கண்டக்டர் மீதிச் சில்லறை குறைத்துக் கொடுத்தால் ஷார்ட்சேஞ்ச்ட். அவர் தெரிந்து செய்தாரா, கூட்டத்தில் எண்ணத் தவறினாரா என்பது நமக்குத் தெரியாத வரைக்கும், தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லும் வார்த்தைதான் நியாயம். சீட் என்று ஒருவரைச் சொல்லும்போது அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்பதற்கும் சேர்த்து நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

காட்டு விஷயம் கொஞ்சம். சத்தியமங்கலம் காட்டில் யானையைக் கொன்று தந்தம் எடுப்பது போச்சிங், சந்தனக் கட்டையை ஒளித்து எல்லை தாண்டிக் கொண்டுபோவது ஸ்மக்ளிங். 2000 ஜூலையில் தாளவாடிப் பக்கத்து தொட்டகாஜனூரிலிருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கொண்டுபோனது கிட்னாப்பிங். போச் என்பது இப்போது ஆள் இழுப்பதற்கும் வந்துவிட்டது, பக்கத்துக் கம்பெனிக்காரர் கூடுதல் பீஸ் ரேட் சொல்லி நம் டெய்லர்களைக் கூட்டிக்கொண்டு போனால் "தே போச்ட் அவர் டெய்லர்ஸ்". அப்புறம், அடுத்தவர் எழுத்தைத் தன் பெயரில் போடுவது பிளேஜரிஸம். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு ஆள் கடத்துகிறவன் என்று பொருள், எழுதினவருக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரித்தான் இருக்கும். திருட்டு சி.டி. என்பதைத் தெஃப்ட் சி.டி. என்று எழுதாதீர்கள், பைரேட்டட் என்று எழுதுங்கள்.

சின்னத் திருட்டுக்கும் தனி வார்த்தைகள் உண்டு. ஆட்டையைப் போட்டான், லவட்டினான் என்று நாம் சொல்லும் தொனியில் பிரிட்டிஷ்காரர்கள் நிக், பின்ச் என்பார்கள். நிக் என்பதில் கவனம் வேண்டும், பேனா நிக்ட் என்றால் திருடு போனது, ஆள் நிக்ட் என்றால் போலீஸ் பிடித்துக்கொண்டது. கடையில் சாமான் பார்ப்பது போலப் பைக்குள் போட்டுக்கொள்வது ஷாப்லிஃப்டிங். எங்கள் தொழிலுக்கு முக்கியமானது பில்ஃபர். மொத்தமாகத் தூக்காமல் இரண்டு கோன் நூல், நாலு பீஸ் என்று கொஞ்சமாக உருவுவது. சரக்கு இன்சூரன்ஸில் டி.பி.என்.டி. என்று வருமே, அது தெஃப்ட், பில்ஃபரேஜ், நான் டெலிவரி. முழுக் கார்ட்டனும் போனால் தெஃப்ட், கார்ட்டன் வந்து உள்ளே குறைந்தால் பில்ஃபரேஜ், சரக்கே போய்ச் சேராவிட்டால் நான் டெலிவரி. காசு விஷயத்தில் மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த மெயிலை இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம். "கார்ட்டன் நம்பர் 14 வாஸ் ஃபவுண்ட் ஷார்ட் பை 36 பீசஸ்" என்று ஆரம்பித்து, கார்ட்டனின் டேப்பையும் எடையையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டோம். இரண்டாம் நாள் போட்டோவோடு பதில் வந்தது. நாங்கள் ஒட்டுவது கம்பெனிப் பெயர் அச்சடித்த டேப், போட்டோவில் அதன் மேலேயே ஒரு சாதா பழுப்பு டேப் ஓடியிருந்தது, எடையும் குறைவு. வழியில் எங்கேயோ பிரித்திருக்கிறார்கள், பையரின் குடோன் ஆட்கள் தொடவே இல்லை. இன்சூரன்ஸ் கிளெய்முக்கு அவளே எழுதினாள். யார் என்று தெரியாததால் முன்னால் "சஸ்பெக்டட்" சேர்த்து, "சஸ்பெக்டட் பில்ஃபரேஜ் இன் டிரான்ஸிட்" என்று எழுதிவிட்டு, "இப்பச் சரிங்ளாண்ணா?" என்று என்னிடம் திருப்பிக் காட்டினாள்.